ஓடாத ஒரிஜினல்

என் அப்பாவின் இடது கை மூன்று வருடம் வெறுமையாக இருந்தது. அதற்கு நான்தான் காரணம்.

1986இல் வாங்கிய எச்எம்டி பைலட். கருப்பு டயல், வெள்ளை எண்கள், தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, ஷிஃப்ட்டுக்குப் போனதெல்லாம் அதைப் பார்த்துத்தான். 2019இல் ஒருநாள் பாத்ரூமில் கை தவறி விழுந்து நின்றுபோனது. "சரி பண்ணிக் குடுடா" என்று என்னிடம் கொடுத்தார். நான் அப்போதுதான் பழைய வாட்சுகள் மேல் பைத்தியமாகியிருந்தேன். சேகரிப்பாளர் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களிடம் காட்டினேன். ஒரே குரலில் சொன்னார்கள்: "ரோட்டோரக் கடைல குடுத்துடாத. கண்ட பார்ட்டையும் போட்டு ஃபிராங்கன் ஆக்கிடுவான். டயல், முள், கேஸ், மிஷின் எல்லாம் ஒரிஜினல். இப்படி ஒண்ணு கிடைக்காது. ஒரிஜினல் பார்ட் கிடைக்குற வரைக்கும் அப்படியே வை."

அப்படியே வைத்தேன். பஞ்சு வைத்த டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு. மாதம் ஒருமுறை அப்பா கேட்பார். "வாட்ச் இன்னும் ரெடி ஆவலையா?" "பார்ட் வரணும்ப்பா." கடைசிப் பத்து மாதம் அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டார். மணி பார்க்க நினைக்கும்போது மட்டும் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அதைக் கவனித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது. ஒரு பொருளின் தூய்மையைக் காப்பாற்ற, அந்தப் பொருளுக்கு உரியவரிடமிருந்தே அதைப் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்த நாலு நண்பர்களுக்கும், மூன்று வருடம் அவர்கள் பேச்சைக் கேட்ட எனக்கும் எதிரானது.

*

முதலில் 'ஃபிராங்கன்' என்ற வசவு. வெவ்வேறு உடல்களின் உறுப்புகளைத் தைத்து உண்டாக்கிய ஃபிராங்கன்ஸ்டைன் நாவலின் ஜந்துவிலிருந்து வந்த சொல். பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியதற்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர். இந்தியாவிலிருந்து போகும் பழைய எச்எம்டிகளுக்கும் ஃபேவர் லூபாக்களுக்கும் உலகம் முழுக்க இந்தக் கெட்ட பெயர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. பழைய டயலைச் சுரண்டி, எச்எம்டி என்றைக்கும் போடாத ஆரஞ்சும் பச்சையும் அடித்து, 'அரிய மாடல்' என்று வெளிநாட்டுக்காரன் தலையில் கட்டுகிறார்கள். அது மோசடி. அதை நான் ஆதரிக்கவில்லை.

ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அந்த மோசடிக்காரனுக்கு வைத்த பெயரையே, தேய்ந்த ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு அதைவிட நல்ல ஸ்ப்ரிங் போடுகிற ரிப்பேர்காரருக்கும் வைக்கிறார்கள். டயலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் மிஷினுக்குள் மேம்பட்ட பாகம் போடுவதும் அவர்களுக்கு ஒரே பாவம்.

நம் ஊர்க் கோயிலை வைத்துச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு நடக்கிறது. சிலைக்கும் பீடத்துக்கும் நடுவில் இருக்கும் அஷ்டபந்தன மருந்தைப் பழசு எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்துகிறார்கள். யாரும் அழுவதில்லை. அது தேயத்தான் போகிறது, மாற்றத்தான் வேண்டும். அதே திருப்பணியில் சுத்தம் செய்கிறேன் என்று சுவரின்மேல் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள் பாருங்கள், அதில் கல்வெட்டின் எழுத்து மழுங்கிப்போனது. அதற்கு வரலாறு தெரிந்தவர்கள் எல்லோரும் கொதித்தார்கள். சரியாகத்தான் கொதித்தார்கள். மருந்து வேறு, கல்வெட்டு வேறு.

வாட்சில் டயல்தான் கல்வெட்டு. மெயின் ஸ்ப்ரிங்கும் எண்ணெயும் கேஸ்கெட்டும் மருந்து. இந்த வித்தியாசம் தெரியாமல் 'ஒரிஜினல்' என்று பேசுவது ரசனை ஆகாது.

*

மிஷினுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். அப்பாவின் வாட்சின் பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 முறை அடிக்கும். ஒரு நாளைக்கு 4 லட்சத்து 32 ஆயிரம். 33 வருடம் ஓடியது என்றால் சுமார் 520 கோடி அடி. தலைமுடி அளவே தடிமனுள்ள எஃகு முனை ஒன்று, சிவப்புக் கல்லின் குழியில் அத்தனை முறை உராய்ந்திருக்கிறது. சென்னையின் வியர்வை சாவியின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. எண்ணெய் காய்ந்து பிசினாகி, தூசியைச் சேர்த்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி அறுத்திருக்கிறது. இதற்குப் பிறகும் 'உள்ளே எல்லாம் ஒரிஜினலா இருக்கு' என்றால், அது ஒரிஜினலான தேய்மானம். அவ்வளவுதான்.

கடிகாரக் கலையின் வரலாறே சர்வீஸில் பாகத்தை மேம்படுத்திய வரலாறுதான். பழைய மெயின் ஸ்ப்ரிங்குகள் கார்பன் எஃகு. நாளாக ஆக வலுவிழந்து தளரும், திடீரென்று உடையும். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் எல்ஜின் நிறுவனம் கோபால்ட் சேர்ந்த உலோகக் கலவையில் துருப்பிடிக்காத ஸ்ப்ரிங் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் செய்த எத்தனையோ பாக்கெட் வாட்சுகள் இன்று ஓடுவது பின்னால் வந்த கலவை ஸ்ப்ரிங்கால்தான். ஒரு காலத்தில் வாட்ச் எண்ணெயைக் கடல் பாலூட்டிகளின் தாடைக் கொழுப்பிலிருந்து எடுத்தார்கள். இன்று செயற்கை எண்ணெய். 'என் தாத்தாவின் வாட்சுக்குத் தாடை எண்ணெய்தான் வேண்டும்' என்று ஒரு சேகரிப்பாளராவது அடம்பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? எண்ணெயில் மேம்பாட்டை ஏற்கலாமாம், ஸ்ப்ரிங்கில் கூடாதாம்.

இதையே கம்பெனி செய்தால் யாரும் வாய் திறப்பதில்லை. இருட்டில் ஒளிர முதலில் ரேடியம், பிறகு டிரிட்டியம், 1990களுக்குப் பிறகு கதிர்வீச்சு இல்லாத பூச்சு. பழைய வாட்சைக் கம்பெனி சர்வீஸுக்குக் கொடுத்தால் டயலையும் முள்ளையுமே புதிய பூச்சுள்ளதாக மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு. அதற்கு 'சர்வீஸ் டயல்' என்று மரியாதையான பெயர். கல்வெட்டையே பெயர்த்து வேறு கல் வைக்கிறார்கள். அதற்கு முத்திரை குத்திய உத்தரவாதச் சீட்டு. ஆவடியில் ஒருவர் சாவியில் புது ரப்பர் வளையம் போட்டால் ஃபிராங்கன்.

பாகம் எதுவாயிருந்தாலும் பரவாயில்லை, யார் கை போட்டது என்பதுதான் இவர்களுடைய கேள்வி.

*

ஆவடி என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. இந்த ஊருக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பிறகு டி-72. அந்த டி-72களை அவிழ்த்து, கழுவி, தேய்ந்ததை மாற்றித் திரும்பப் பூட்டுவதும் இங்கேதான். அதன் எஞ்சின் 780 குதிரைசக்தி. அதற்குப் பதில் 1000 குதிரைசக்தி எஞ்சின் போட, தொழில்நுட்பத்தை ஆவடிக்குக் கொடுப்பது உட்பட, 2025 மார்ச்சில் இந்திய அரசு ரஷ்யாவுடன் 24 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 'ஐயோ, டாங்கியோட ஒரிஜினாலிட்டி போச்சே' என்று எந்தத் தளபதியும் புலம்பவில்லை. போருக்குப் போகிற வண்டி ஓட வேண்டும். வேலைக்குப் போகிற மனுஷனின் வாட்சும் ஓட வேண்டும்.

எச்எம்டிக்கும் ஆவடிக்கும் இன்னொரு தூரத்து உறவு உண்டு. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில்தான் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது. அந்தக் காலத்தின் கனவுகளில் ஒன்று, அரசு கம்பெனி செய்யும் வாட்சை ஒரு தொழிலாளி கையில் கட்டிக்கொள்வது. 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் எச்எம்டி வாட்ச் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஒரு மாடலுக்கு 'ஜனதா' என்றே பெயர் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைப்பதற்கு யாரும் ஜனதா என்று பெயர் வைக்கமாட்டார்கள்.

அந்த எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இனி ஒரு புதுப் பாகம்கூட அங்கே செய்யப்போவதில்லை. அப்படியென்றால் 'ஒரிஜினல் எச்எம்டி பார்ட்தான் போடணும்' என்பதற்கு அர்த்தம் என்ன? இன்னொரு எச்எம்டியைக் கொன்று அதிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு ஒரிஜினலைக் காப்பாற்ற இன்னொரு ஒரிஜினலைப் பலி கொடுக்க வேண்டும். தூய்மைவாதத்தின் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்த்தால் மிச்சம் இதுதான். பாதி வாட்சுகள் பிணம். மீதி பஞ்சு டப்பாவில். எதுவும் கையில் இல்லை.

*

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே வாட்சை எடுத்துக்கொண்டு போனேன். ஆவடி ஸ்டேஷன் பக்கம், செல்போன் கவர் விற்கும் கடையின் படியை ஒட்டி ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் பின்னால் எழுபதைத் தாண்டிய பெரியவர். பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இது இதுக்கு முன்னாடி வேகமா ஓடுச்சா தம்பி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம். 2005இல் ஒரு கடையில் சர்வீஸ் செய்த பிறகு அது நாளுக்குச் சில நிமிஷம் முந்தி ஓடும். அப்பா தினமும் காலையில் சாவி கொடுக்கும்போதே முள்ளையும் திருத்திக்கொள்வார்.

"எவனோ பவரு வேணும்னு ஸ்டிராங் ஸ்ப்ரிங்கா போட்டு வெச்சிருக்கான். இதுக்கு அவ்ளோ ஆவாது. மிஷினு குதிரை மாதிரி ஓடும்."

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து படித்துப் புரிந்துகொண்டேன். பேலன்ஸ் வீல் ஒரு பக்கம் சுமார் 270 முதல் 310 டிகிரி வரை ஆடினால் ஆரோக்கியம். ஸ்ப்ரிங்கின் விசை அளவுக்கு மீறினால் அது 330ஐயும் தாண்டி, முழுச் சுற்றுக்குக் கிட்டே போய், எதிர்ப்பக்கத்தில் போய் முட்டித் திரும்பும். ஒவ்வொரு முட்டலுக்கும் நேரம் முந்தும். நவீன ஸ்ப்ரிங் போடும்போது அதே தடிமனில் போட்டால் சில வாட்சுகளில் இந்தக் கோளாறு வரும். கொஞ்சம் மெல்லியதாகப் பார்த்துப் போட வேண்டும். மேம்படுத்துவது என்றால் இருப்பதிலேயே பலமானதைத் திணிப்பது கிடையாது என்பதை ஒரு சாஃப்ட்வேர்காரனுக்குக் கண்ணாடிப் பெட்டிக்காரர் சொல்லிக்கொடுத்தார். பழைய சர்வரில் புது வெர்ஷனைப் போட்டு ராத்திரி முழுக்க விழித்திருந்த எவனுக்கும் இது புரியும்.

ஆக என் நண்பர்கள் பயந்த கெட்டது ஏற்கெனவே நடந்திருந்தது. 'எல்லாம் ஒரிஜினல்' என்று அவர்கள் சத்தியம் செய்த அந்த வாட்சுக்குள் பதினான்கு வருடமாக யாரோ போட்ட ஸ்ப்ரிங் இருந்தது. அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்பாவிடம் யாரும் சொல்லவும் இல்லை. பில்லில் இருந்தது ஒரே வார்த்தை: 'ஓவராயில்'.

குற்றம் அங்கேதான் இருக்கிறது. ஸ்ப்ரிங்கை மாற்றியதுகூடப் பெரிசில்லை. மாற்றியதைச் சொல்லாமல் விட்டது. சொல்லியிருந்தால் 'வேகமா ஓடுதே, பழைய ஸ்ப்ரிங் அளவையே போடு' என்று அப்பாவே கேட்டிருப்பார். வாழ்நாள் முழுக்க மிஷினோடு வேலை செய்த மனுஷன் அவர்.

பெரியவர் நாலு வேலை சொன்னார். பேலன்ஸின் முனை உடைந்திருக்கிறது, ஹேர் ஸ்ப்ரிங்கில் துரு. அதற்கு அவரிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கும் எச்எம்டிகளில் ஒன்றிலிருந்து முழு பேலன்ஸ். டயலுக்குப் பெயிண்ட் அடித்துக் கெடுத்து, கேஸும் உளுத்துப்போய், யாரும் வேண்டாம் என்று விட்டுப்போன வாட்ச் அது. ஸ்ப்ரிங், பாரிமுனையில் வாட்ச் சாமான் கடையில் அளவு பார்த்து வாங்கிய கலவை ஸ்ப்ரிங். சாவி, உள்ளே ரப்பர் வளையம் உள்ள வேறு சாவி. "உங்கப்பாவுக்கு வேர்க்கும்ல, இது தாங்கும்." பிறகு புது எண்ணெய். டயலைப் பற்றிக் கேட்டேன். ஓரத்தில் மஞ்சளாகியிருந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். "அத்தத் தொடாத. அது உங்கப்பா பாத்த மூஞ்சி."

அஷ்டபந்தனமும் கல்வெட்டும் என்று நான் மேலே இழுத்து இழுத்து எழுதியதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

*

எதிர்க்கேள்விகள் உண்டு. 'எல்லாரும் இப்படி மாற்றினால் நாளைக்கு வரலாறு தெரிய ஒரு முழு எச்எம்டிகூட மிஞ்சாதே?' நியாயமான கவலை. மியூசியத்துக்கு நூறு வாட்ச் வையுங்கள். தொடாத, ஓடாத வாட்ச்சாகவே வையுங்கள். நானே நன்கொடை தருகிறேன். ஆனால் லட்சக்கணக்கான வீடுகளின் பீரோவில் கிடக்கும் ஒவ்வொரு வாட்சையும் மியூசியப் பொருளாக்காதீர்கள்.

'விலை போகாதே?' இதுதான் உண்மையான எதிர்க்கேள்வி. மற்றதெல்லாம் இதற்கு மேல் போர்த்திய சால்வை. பால் நியூமேனின் ரோலெக்ஸ் டேடோனா 2017இல் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனதிலிருந்து, எல்லார் வீட்டு டிராயரும் லாக்கராகத் தெரிகிறது. இரண்டாயிரம் ரூபாய் எச்எம்டிக்கும் ஜெனீவா ஏலக்கூடத்தின் சட்டம். நண்பர்களே, அந்த விலை உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. அந்தப் பயம் மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

'கம்பெனிகளே இன்னும் மேம்பட்ட வாட்ச் செய்கின்றனவே?' செய்கின்றன. 2013இல் ஸ்வாட்ச் கொண்டுவந்த சிஸ்டம் 51ஐப் பாருங்கள். 51 பாகம், நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ, முழுக்க இயந்திரமே பூட்டுகிறது, ஒருமுறை சுற்றினால் 90 மணி நேரம் ஓடும். அசந்துபோக வேண்டிய பொறியியல். ஆனால் உறை மூடி முத்திரையிட்டது. கெட்டால் திறந்து பார்க்க வழியில்லை. அதே குழுமம் 2015 இறுதியோடு மொத்த வியாபாரிகளுக்கு உதிரிபாகம் தருவதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்த்த பிரிட்டிஷ் உதிரிபாக நிறுவனம் கசின்ஸோடு ஸ்விஸ் நீதிமன்றங்களில் வருடக்கணக்காக வழக்கு நடந்தது. மேம்பாடு என்ற பெயரில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்குகிறார்கள். தெருவோரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் அதை இன்னும் கையில் வைத்திருக்கிறார். நாம் யாரைக் கேலி செய்கிறோம் என்று யோசியுங்கள்.

2022இல் நம் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காகக் குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கையும் முதலில் எடுத்துக்கொண்டது. வாட்ச் அதில் இல்லை. வாட்ச் ரிப்பேரை யாரும் உரிமையாக நினைக்கவில்லை. அதை நினைவூட்ட வேண்டியவர்கள் சேகரிப்பாளர்கள். அவர்களோ டயலின் எழுத்துருவை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. பில்லில் 'ஓவராயில்' என்று எழுதாதீர்கள். என்ன பாகம் போனது, என்ன பாகம் வந்தது, எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். எடுத்த பாகத்தை ஒரு சின்னக் கவரில் போட்டு வாட்ச்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். நாளைக்கு யாருக்காவது பழைய நிலைக்கே கொண்டுபோக வேண்டுமென்றால் அந்தக் கவர் போதும். விற்கும்போது சொல்லி விற்கட்டும். நாங்கள் கோடில் ஒரு வரி மாற்றினால் யார், எப்போது, ஏன் என்று எழுதாமல் உள்ளே சேர்க்க விடமாட்டார்கள். அப்படி எழுதிய மாற்றத்தை யாரும் துரோகம் என்று சொல்வதும் இல்லை.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. பழைய வாட்ச்காரர்கள் வேலை முடிந்ததும் பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் ஒரு குறி கீறிவிடுவது உலக வழக்கம். தேதி, பெயரின் முதலெழுத்து, ஏதோ ஒரு எண். அப்பாவின் வாட்சைத் திறந்தபோது அதில் '3-91' என்று ஒன்று இருந்தது. 2005க்கு எதுவும் இல்லை. எழுதாமல் போனவன்தான் கெடுத்தவன்.

பெரியவரிடம் கீறச் சொன்னேன். "இப்பல்லாம் யாரு தம்பி கேக்குறாங்க" என்று சிரித்துக்கொண்டே, 91க்குக் கீழே மாதத்தையும் வருடத்தையும் கீறினார். பழைய பேலன்ஸும் ஸ்ப்ரிங்கும் சாவியும் மருந்துக்கடை கவரில் என் மேஜையில் இருக்கின்றன. வாட்ச் அப்பா கையில் இருக்கிறது. மஞ்சளான டயலோடு, பாரிமுனை ஸ்ப்ரிங்கோடு. முதல் வாரம் ஒரு புகார் சொன்னார்: "என்னடா இது, காலைல முள்ளத் திருப்புற வேலையே இல்ல."

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒன்று கிடக்கும். எடுத்துக்கொண்டு போய், பின்மூடியைத் திறந்து பாருங்கள். யாராவது கீறியிருந்தால் அந்த வாட்ச் நல்ல கைகளில் இருந்திருக்கிறது. கீறாமல் இருந்தால் நீங்கள் கீறச் சொல்லுங்கள். பிறகு அதை உரியவர் கையில் கட்டிவிடுங்கள்.